தாடிக்குப் பின்னால் யார்?

கேள்வி: கீத பவனியில் வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் செருப்பைப் பார்த்து, "இது எங்க அப்பா!" என்று கண்டுபிடித்துவிட்டான் என் எட்டு வயது மகன். "அப்போ இயேசப்பாவும் கதைதானா?" என்று கேட்கிறான். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் பிள்ளையைப் பாராட்டுங்கள்! முகமூடி, தாடி, தலையணைத் தொப்பை எல்லாவற்றையும் தாண்டி அப்பாவை அடையாளம் கண்டவன் அவன். அவனிடம் இனி மழுப்பல் எடுபடாது. 1897-ல், கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையிலேயே இருக்கிறாரா என்ற சந்தேகத்தை நியூயார்க்கின் 'தி சன்' நாளிதழுக்கு எழுதிக் கேட்ட வர்ஜீனியாவுக்கும் எட்டு வயதுதான். பிரான்சிஸ் சர்ச் என்ற பத்திரிகையாளர் அவளுக்காகத் தலையங்கமே எழுதினார்.

நீங்கள் நேராகவே சொல்லுங்கள். தாத்தா, நாம் சேர்ந்து ஆடும் விளையாட்டு. இயேசு, நம் விசுவாசம். விளையாட்டுக்கு வேடம் வேண்டும், விசுவாசத்துக்கு வேண்டாம்.

பிறகு, இந்தத் தாத்தா வேடத்துக்கு மூலமான புனித நிக்கோலாஸைப் பற்றிச் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மைராவில் ஆயராக இருந்தவர். சீதனத்துக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் பொற்காசுப் பைகளை எறிந்துவிட்டுப் போனார் என்பது மரபுக் கதை. டிசம்பர் 6 அவர் திருநாள்.

உங்கள் மகனுக்குத் தாத்தா போய்விடவில்லை. அவனே தாத்தா வேலைக்குத் தகுதி பெற்றுவிட்டான். இந்த ஆண்டு பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அவன் கையாலேயே ரகசியமாக ஒரு பரிசு வைக்கட்டும். ஒரே நிபந்தனை: யார் வைத்தது என்று மூச்சு விடக் கூடாது!