பொருள்: புகை மருந்து அடித்தல் தொடர்பாக

பெறுநர்: கொசு ஒழிப்புப் பிரிவு, மாநகராட்சி அலுவலகம் (எந்த ஊராயினும்)
பார்வை: 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி பகலில் கடிக்கும் கொசு. கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணிகளின் மறைவிலும் தங்கும். பிறந்த இடத்தை விட்டுச் சில நூறு மீட்டருக்கு மேல் போவது அரிது. சாக்கடை அதற்குப் பிடிக்காது; தெளிந்த தண்ணீர் வேண்டும். மூடாத டிரம், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, பழைய டயர், கொட்டாங்கச்சி என்று எதுவானாலும் போதும்.

இந்தக் கொசுவுக்கு எதிராக மாநகராட்சி நம்பியிருப்பது புகை வண்டியை. அது பெரும்பாலும் இருட்டத் தொடங்கிய பிறகு, தெரு நடுவே வருகிறது. அந்நேரம் ஏடிஸ் வீட்டுக்குள் ஓய்வெடுக்கிறது. வெளியே திரிவது சாக்கடையில் பிறந்த கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது என்றாலும் டெங்கு விஷயத்தில் அது நிரபராதி. வண்டிச் சத்தம் கேட்டதும் குடியிருப்போர் கதவு ஜன்னல்களைச் சாத்திவிடுவதால், உள்ளே இருக்கும் ஏடிஸுக்கு முழுப் பாதுகாப்பு கிடைக்கிறது.

புகை என்பது டீசலில் கலந்த பூச்சிக்கொல்லி. பறக்கும் கொசுவின் மேல் துளி பட்டால் கொசு சாகும். தண்ணீரில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. புகை கலைந்த பிறகு மருந்தின் வீரியமும் நிற்பதில்லை. நோய் வெடித்துப் பரவும் நேரத்தில் மட்டும், கொசு பிறக்கும் இடங்களை அழிப்பதோடு சேர்த்துச் செய்யவேண்டிய வேலை இது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதில் முதல் பாதியை மாநகராட்சி படித்திருப்பது பாராட்டத்தக்கது.

இரண்டாம் பாதிக்குப் புகைப்படக்காரர் வரமாட்டார். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகிறது. ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்தால் சுழற்சி அறுந்துவிடும். கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். வீடு வீடாக டார்ச் அடித்து டிரம்முக்குள் பார்த்து, புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிப்போகும் ஒப்பந்தப் பணியாளர்கள்தான் உண்மையில் கொசுவை ஒழிக்கிறார்கள். காய்ச்சல் குறைந்ததும் முதலில் குறைக்கப்படுவது அவர்கள் எண்ணிக்கை.

இனி அந்த டிரம். நீலநிற டிரம்மை யாரும் அழகுக்காக வாசலில் வைப்பதில்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத தெருவில் அது இல்லாமல் சோறு வேகாது. டிரம்மைத் தேவையாக்குவது குடிநீர்ப் பிரிவு. அதில் புழு இருந்தால் அபராதம் போடுவது சுகாதாரப் பிரிவு. இரண்டு பிரிவுக்கும் ஒரே கட்டடம், ஒரே ஆணையர். தண்ணீர் தினமும் வந்தால் அபராத வருமானம் குறையும் என்ற கவலையும் இருக்கலாம்.

கொசு வளர இடம்கொடுக்கும் உரிமையாளர், குடியிருப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப் பார்வையில் கண்ட சட்டம் வழிசெய்கிறது. காவல் நிலையங்களில் பறிமுதல் வண்டிகள் மழைநீரைச் சேமிக்கின்றன. பாதியில் நின்ற மழைநீர் வடிகால் குட்டையாகவே நிற்கிறது. இந்த இடங்களின் உரிமையாளர் அரசு என்பதால் நோட்டீஸை யார் பெற்றுக்கொள்வது என்ற சிக்கல் தீர்ந்தபாடில்லை.

கடைசியாகக் கணக்கு. 2017-இல் தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு, 65 பேர் மரணம் என்பது அரசின் புள்ளிவிவரம். எலைசா சோதனையில் உறுதியானால்தான் ஒரு காய்ச்சல் டெங்குவாகப் பதிவாகும்; மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் படுத்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே சோதனையைக் குறைத்தால் டெங்குவும் குறையும். டீசல் செலவில்லாத ஒரே கொசு ஒழிப்பு முறை இதுவே.

நகல்: குடிநீர்ப் பிரிவு (அதே கட்டடம், இரண்டாம் மாடி)