விழமாட்டேன்னு வந்தவன்

லேய் மக்கா, அந்தச் செல்போனக் கொஞ்சம் கீழ வையி. நீயும் உன் கூட்டாளிமாரும் கோயில் மதிலோரம் இருந்து சொன்ன தீர்ப்பு உள்ள இருக்க பூதலிங்கசாமிக்கே கேட்டிருக்கும். "பன்னெண்டு ரவுண்டு அடிச்சும் ஒருத்தன விழத்தட்ட முடியல்ல, இவனெல்லாம் ஒரு சாம்பியனா"ங்கிய. மூஞ்சிய மறச்சுக்கிட்டு நின்னவன் மேல வராத கோவம், மூச்சுமுட்ட அடிச்சவன் மேல வருது உனக்கு. கொள்ளாம் லே, நல்ல நியாயம்.

நான் உனக்குத் தாய்மாமன். மருமக்கள்வழி இருந்த காலமா இருந்தா என் வயலுக்கும் தோப்புக்கும் நீதான் பாத்தியஸ்தன். 1926ல நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து அதுக்கு ஒரு முடிவு கட்டிட்டு. இப்போ மாமன் மருமோனுக்குக் குடுக்க மிச்சம் இருக்கது புத்திமதி ஒண்ணுதான். பத்திரச் செலவு கிடையாது, ரெஜிஸ்டர் ஆபீசுக்கும் போகாண்டாம். இருந்து கேளு.

நீ பாத்த சண்டை 2010 மார்ச் 13ல நடந்தது. டெக்சாஸ்ல ஆர்லிங்டன்ங்கிற ஊரு, கவ்பாய்ஸ் ஸ்டேடியம். அம்பதாயிரம் பேரு வந்திருந்தானுவ. ஒரு பக்கம் பிலிப்பைன்ஸ்காரன் மேனி பாக்கியாவ், இந்தப் பக்கம் கானா நாட்டு ஜோஷுவா கிளாட்டி. மணி அடிச்ச ஒடனே கிளாட்டி என்ன செஞ்சான்? ரெண்டு கிளவுஸையும் ரெண்டு கன்னத்துல வச்சான். முழங்கைய விலாவுல ஒட்டினான். நாடிய நெஞ்சுக்குள்ள தாத்தினான். அவ்வளவுதான். கடையடச்சுத் தாப்பாளும் போட்டாச்சு.

பாக்கியாவ் அண்ணைக்கு வீசுன குத்து 1,231. ரவுண்டுக்கு மூணே நிமிசம். கணக்குப் போட்டா ரவுண்டுக்கு நூறுக்கு மேல வருது. அதுல பட வேண்டிய எடத்துல பட்டது 246. மிச்சம் ஆயிரத்துக்குப் பக்கம் கிளாட்டியோட கிளவுஸுக்கும் முழங்கைக்குந்தான் போச்சு. ஒரு கட்டத்துல சலிச்சுப்போயி, ரெண்டு கையாலையும் ஒரே நேரத்துல அவன் கிளவுஸுக்கு ரெண்டு பக்கமும் ஓங்கி ஒரு தட்டு தட்டினான் பாரு! எனக்குச் சிரிப்பு அடங்கல்ல. உள்ள ஆளு இருக்கானான்னு கதவத் தட்டிப் பாத்தான். அவன் திரும்பி அடிச்சது மொத்தமே 399. அடிச்சாச் செயிக்க வழியுண்டுன்னு அவன் மூலையில இருந்தவனுவளே கெஞ்சிப் பாத்தானுவ. கேட்டாத்தானே?

மூணு ஜட்ஜுமாரும் பாக்கியாவுக்குத்தான் போட்டானுவ. ஒருத்தன் 120-108, மத்த ரெண்டு பேரும் 119-109. அந்த 120-108க்கு அர்த்தம் தெரியுமாலே உனக்கு? ஒரு ரவுண்டுல செயிச்சவனுக்கு 10, தோத்தவனுக்கு 9. இடையில விழுந்து எந்திச்சான்னா 8. அப்போ பன்னெண்டு ரவுண்டும் பாக்கியாவுக்கு, ஒண்ணுகூட மத்தவனுக்கு இல்ல. பரிச்சையில இப்பிடி மார்க்கு எடுத்துட்டு வந்தா உங்க அம்மை பாயசம் வச்சிருப்பா. நீ என்னடான்னா பேப்பர் திருத்துனவன் சட்டையப் பிடிக்கிய.

ஆங், "விழல்லியே மாமா"ன்னு இழுக்காத. ஊருக்குப் பின்னால தாடகை மலை மல்லாந்து கெடக்கு பாரு, ஒரு பொம்பள படுத்துக் கெடக்காப்புல. நாக் அவுட்டுன்னா அது. ராமன் விட்ட அம்புல விழுந்தவ இண்ணைக்கு வரைக்கும் எந்திக்கல்ல, எவனும் பத்து எண்ணவும் இல்ல. ஆனா அவ எப்பிடி விழுந்தா? மூஞ்சிய மூடிக்கிட்டு ஓரமாவா நின்னா? காடு அதிரக் கத்திக்கிட்டு மேல பாஞ்சு வந்தா. பாஞ்சு வந்ததுனால திறந்து கெடந்தா, திறந்து கெடந்ததுனால விழுந்தா. அவளும் ரெண்டு கையயும் கன்னத்துல வச்சுக்கிட்டு நின்னிருந்தா, விசுவாமித்திரரு யாகத்தத் தள்ளி வச்சுட்டுப் பன்னெண்டு ரவுண்டும் பாக்க வேண்டியதுதான்.

இது வெளையாட்டுப் பேச்சு இல்ல மக்கா. விழத்தட்டுறது அடிக்கிறவன் கையில பாதிதான் இருக்கு, விழப்போறவன் கையில மீதிப் பாதி. நாடியில அடி பட்டா தலை சட்டுன்னு திரும்பும், மண்டைக்குள்ள மூளை குலுங்கும், காலு தன்னால மடங்கும். அதுவும் வாறதப் பாக்காத அடியா இருக்கணும். பாத்துட்டான்னா கழுத்த இறுக்கிப் பாதிய வாங்கிக்கிடுவான். எதிராளி எப்போ பாக்காம விடுவான்? அவன் அடிக்கணும்னு கைய நீட்டுற அந்த ஒரு நேரத்துலதான். நீட்டுன கை மூஞ்சியக் காக்காது. கைய நீட்டவே மாட்டேங்கிறவனுக்கு அந்த நேரமே வராதே! நம்ம பக்கத்து வர்ம ஆசான்மாரு படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக நூத்தியெட்டுன்னு கணக்குச் சொல்லுவாவ. நூத்தியெட்டையும் பாடமாக்கிட்டுப் போனாலும், எதிராளி கைய எடுத்தாத்தானே லே அந்த எடம் கண்ணுல படும்?

கிளாட்டியும் கோட்டிக்காரன் இல்ல. 2009 மே மாசம் ரிக்கி ஹாட்டன் பாக்கியாவ் மேல விழுந்து விழுந்து வந்தான். ரெண்டாவது ரவுண்டுலயே ஒத்தை இடதுகைக் குத்துல மல்லாந்துட்டான். நவம்பர்ல மிகேல் கோட்டோ நின்னு பதிலுக்குப் பதில் அடிச்சுப் பாத்தான்; பன்னெண்டாவது ரவுண்டுல ரெஃபரி குறுக்க விழுந்து நிறுத்துனாரு. அதே கோட்டோகூட அந்த வருசம் ஜூன்ல ஜட்ஜுமாரே ரெண்டுபடுற அளவுக்கு மல்லுக்கட்டித் தோத்தவன் இந்தக் கிளாட்டி. அதுவரைக்கும் எவனும் அவன நாக் அவுட்டுல செயிச்சதும் இல்ல. ஹாட்டனுக்கு என்ன ஆச்சு, கோட்டோவுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தான். செயிக்கணும்ங்கிற ஆசைய உடுப்பு மாத்துற ரூம்புல கழட்டி வச்சுட்டு வந்தான். விழாம வீடு போய்ச் சேரணும், அவ்வளவுதான் அவன் கணக்கு. அந்தக் கணக்குப்படி அவனும் செயிச்சுட்டான்னு வச்சுக்கோ.

அப்போ அடிச்சவன் மேல குத்தமே இல்லையான்னு கேப்ப. இருக்கு. மாமன் ஒருபக்கமாப் பேசமாட்டேன். கதவு பூட்டியிருந்தா அதே கதவயே ஆயிரம் தடவ தட்டுறது என்ன வேலை? ரெண்டு அடி பின்வாங்கி, களைச்ச மாதிரி மூச்சு வாங்கி, கையக் கொஞ்சம் எறக்கி, "வா மக்கா வா"ன்னு ஆசை காட்டணும். எதிராளி ஒரு தடவ நம்பிக் கைய நீட்டிட்டாப் போதும். பாக்கியாவ் இடுப்புக்கு மேல விலாவுல குத்திப் பாத்தான், பக்கவாட்டுல போயிப் பாத்தான், எல்லாஞ் செஞ்சான். ஆனா பொய்யாக்கூட களைப்புக் காட்டத் தெரியல்ல அவனுக்கு. இவன் ஓய்ஞ்சாத்தானே அவன் எட்டிப் பாப்பான்? என் கணக்குல, வேலைக்கு நூத்துக்கு நூறு, சூதுக்கு அம்பது.

உன் கண்ணுல படாத ஒண்ணு சொல்லுதேன். பன்னெண்டாவது ரவுண்டுலயும் அவன் மொத ரவுண்டு வேகத்துல அடிச்சுக்கிட்டு நின்னான். அது எம்புட்டுப் பெரிய காரியம்னு ஜார்ஜ் ஃபோர்மன்கிட்டதான் கேட்டிருக்கணும். 1974 அக்டோபர் 30, ஜைர் நாட்டுல கின்ஷாசா. ஃபோர்மன் அதுவரைக்கும் ஆடுனது நாப்பது, செயிச்சது நாப்பது, அதுல விழத்தட்டிச் செயிச்சது முப்பத்தேழு. முகமது அலி கயித்துல சாஞ்சு கையால மறச்சுக்கிட்டு, "அடிலே அடி"ன்னு வாயி மட்டும் குடுத்துக்கிட்டு நின்னாரு. இவன் கண்ணுமண்ணு தெரியாம அடிச்சான். எட்டாவது ரவுண்டுல கையத் தூக்கச் சீவன் இல்ல. அலி கயித்த விட்டு வெளிய வந்து நாலு குத்துதான், சோலி முடிஞ்சிட்டு. மறச்சுக்கிட்டு நிக்கவன அடிக்கப்போயி, தானே வத்திப்போறதுதான் அடிக்கிறவனுக்குக் கேடு. அதுல ஃபோர்மன் மாட்டுனான், பாக்கியாவ் மாட்டல்ல. அந்த அலிதான் 1980ல மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ்கூடக் காட்சிக்கு ஆடுனாரு. காட்சி ஆட்டம், யாரும் விழல்ல. அதுக்காக அலியக் கொறச்சுச் சொல்லுவியாலே நீ?

மறைக்கிறதுலயும் வகை உண்டு பாத்துக்கோ. 2015 மே 2, லாஸ் வேகாஸ்ல இதே பாக்கியாவ் ஃபிளாய்ட் மேவெதர்கிட்ட மாட்டுனான். கிளாட்டி மேல 1,231 குத்து வீசுன ஆளு, இவன்கிட்ட வீசுனது 429. பட்டது 81. மேவெதருக்கு 148 பட்டுது, மூணு ஜட்ஜும் அவனுக்கே போட்டானுவ. கிளாட்டி வந்த குத்தத்தான் மறிச்சான். மேவெதர் குத்தணும்ங்கிற நெனப்பயே மறிச்சான். அடிக்கக் கை எடுக்குமுன்ன ஆளு அங்க இல்ல. இருக்கானோன்னு தேடுறப்போ மூக்குல ஒரு குத்து. பாக்கியாவக் கொறை சொல்லணும்னு உனக்கு அரிச்சா இந்தச் சண்டையில சொல்லு, மாமனும் கூடச் சேந்து ரெண்டு வார்த்தை சொல்லுதேன். ஜட்ஜு என்ன பாக்கான்? சுத்தமாப் பட்ட அடி, பலிச்ச பாய்ச்சல், களத்த ஆளுறது, தற்காப்பு. நாலாவது ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டுக் கிளாட்டி வந்தான். நாலையும் கொண்டுவந்தான் மேவெதர். தோக்காம இருக்கதுக்கும் செயிக்கதுக்கும் நடுவுல பழையாறு மாதிரி ஒரு ஆறே ஓடுது மக்கா.

நீ கிரிக்கெட் பைத்தியந்தானே, இதக் கேளு. 1975 ஜூன் 7, லார்ட்ஸ் மைதானம், மொத உலகக் கோப்பையோட மொத நாளு. இங்கிலாந்து அறுபது ஓவர்ல 334. நம்ம சுனில் கவாஸ்கர் எறங்குனாரு. 174 பந்து ஆடுனாரு. அடிச்சது 36. அறுபது ஓவரும் நின்னு அவுட்டாகாமத் திரும்பி வந்தாரு. இந்தியா 132, தோல்வி 202 ரன்னுல. ஊரே கவாஸ்கர வஞ்சுது. இண்ணைக்கும் சொல்லிச் சிரிக்கானுவ. ஆனா எவனாவது, "அறுபது ஓவர் போட்டும் கவாஸ்கர எடுக்க முடியல்ல, ஜான் ஸ்னோவெல்லாம் ஒரு பவுலரா"ன்னு கேட்டானாலே? கேக்கல்ல. கிரிக்கெட்டுல தடுத்து நின்னவனுக்கு ஏச்சு. குத்துச்சண்டைன்னா மட்டும் அடிச்சவனுக்கு ஏச்சு. ஏன்னா உனக்கு வேண்டியது ஆட்டம் இல்ல, ஒருத்தன் தரையில கெடக்கணும். அத ஒத்துக்கிட்டா மாமனுக்கு ஒரு வருத்தமும் இல்ல.

எல்லாம் சினிமா படுத்துற பாடு. 2021ல பா. ரஞ்சித் எடுத்த 'சார்பட்டா பரம்பரை' வந்தப்போ நீ என்ன ஆட்டம் போட்ட? அதுலயும் உங்க கூட்டம் விழுந்து விழுந்து கொண்டாடுனது யாரை? டான்ஸிங் ரோஸை. அடி மேல படாம வளைஞ்சு நெளிஞ்சு விலகுற ஆளு! அப்போ தற்காப்பு இனிச்சுது. வடசென்னையில நெசமாவே ரோசமா குத்துச்சண்டை நடந்த காலத்துல சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைன்னு ஆளுக்கொரு பரம்பரையப் பிடிச்சுக்கிட்டு மோதுன ஊரு அது. மோதுனாலும் எல்லாச் சண்டையும் ஆளு விழுந்துதானா முடிஞ்சுது? சினிமாவுல எதிராளி விழுகதுக்குச் சம்பளம் வாங்கிட்டு வாறான். எந்த நேரத்துல விழணும்னு டைரக்டர் வேற சொல்லிக் குடுக்காரு. கிளாட்டிக்கு அப்பிடி யாரும் சொல்லிக் குடுக்கல்ல, பாவம்.

சரி, இதெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னு நெனைக்க? ஊர்ச் சண்டைக்கு நாயம் சொல்லவா இந்த வயசுல தொண்டத் தண்ணிய வத்த வைக்கேன்? கொரோனாவுக்கு முந்துன கும்பப்பூ நெல்லு வித்த காசு, நீ பைக்கு வாங்கணும்னு வந்து நின்னப்போ எண்ணிக் குடுத்தேனே, ஓர்மை இருக்கா? அண்ணையில இருந்து நானும் குத்திக்கிட்டுத்தான் இருக்கேன். கல்யாண வீட்டுல கேட்டேன், கொடை நாளுல கேட்டேன், உன் மாமனாரு முன்னால ஜாடையாக்கூடக் கேட்டுப் பாத்தேன். "அடுத்த மாசம் மாமா"ன்னு ஒரு கிளவுஸு, "சீட்டு எடுத்த ஒடனே மாமா"ன்னு இன்னொரு கிளவுஸு. கிளாட்டிகூட இடையில 399 தடவ கைய நீட்டுனான் லே. நீ ஒரு நூறு ரூபாய நீட்டல்ல.

ஜட்ஜுமாரு தீர்ப்பும் வந்தாச்சு. உங்க அத்தை 120-108 எனக்குப் போட்டுட்டா. உங்க அம்மை, பெத்தவளா இருந்தும் நேர்மையானவ, 119-109. ஆனா பாயிண்டுல செயிச்ச கணக்கக் கொண்டுபோனா உரக்கடைக்காரன் ஒரு மூடை யூரியா தருவானா? அதனால மாமனும் இப்போ ரெண்டு அடி பின்வாங்குதேன். வட்டி வேண்டாம். முதல்ல பாதி மட்டும் இந்த அறுப்புக்கு முந்திக் குடு, மிச்சத்தப் பொறவு பாத்துக்கிடலாம். என்ன, நல்ல ஏற்பாடுதானே?

ஏம்லே, நான் இம்புட்டு எறங்கி வந்தும் ரெண்டு கையும் கன்னத்துக்குப் போவுது?