லாரியில் ஏறிய பிரிமணை

1983-ல் நான் கிளீனராக ஏறிய லாரியில் சமையலறை என்பது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிடந்த ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பம்ப் ஸ்டவ், ஸ்டவ் பின், ஒரு அலுமினிய குண்டான், இரண்டு தட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் கட்டிய பொட்டலங்கள். லாரியின் முன்னால் கான்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கும். அது கசியக் கசிய, காற்றுப் பட்டு உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும். எங்களுக்கு இருந்த ஒரே வசதி அதுதான்.

லாரி ஓட்டியவர் என் பெரியப்பா. சித்தூர் வெல்லத்தை அனந்தபூர் பக்கம் இறக்கிவிட்டு, வரும் வழியில் மதனப்பள்ளியில் தக்காளி ஏற்றுவோம். பீலேறு தாண்டி பாகராப்பேட்டை காட் ரோடு, சந்திரகிரி, திருப்பதி, புத்தூர் என்று ஓடி, விடிவதற்குள் மெட்ராஸ் கொத்தவால்சாவடியில் இறக்கியாக வேண்டும். கோயம்பேடு சந்தை வந்தது 1996-ல். தக்காளி காத்திருக்காது. அதனால் லாரியும் நிற்காது.

ஆகவே மதனப்பள்ளியில் லோடு ஏறும் நேரம்தான் சமையல் நேரம். பின் சக்கரத்தின் மறைவில், காற்று வராத பக்கமாக உட்கார வேண்டும். ஸ்டவ்வின் கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் சூடேறிய பிறகு பம்ப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் மஞ்சள் ஜுவாலை ஆள் உயரம் எழும். நாசில் அடைத்தால் ஸ்டவ் பின்னைக் கொண்டு குத்த வேண்டும். சோறும் தக்காளிப் பப்பும் ஆவதற்குள் லோடு ஏறி, தார்ப்பாய் கட்டி முடிந்திருக்கும். பப்புக் குண்டானை அப்படியே கேபினுக்குள் இன்ஜின் மூடி மேல் வைப்பேன். அந்தச் சூட்டில் திருப்பதி வரை ஆறாது.

ஒரு ராத்திரி பாகராப்பேட்டை வளைவில் குண்டான் சறுக்கி என் இடது காலில் கவிழ்ந்தது. கொதிக்கும் பருப்பு தண்ணீர் போல வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொள்ளும். தழும்பு இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா என் காலைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய், பானை வைக்கும் பிரிமணை ஒன்றை எடுத்து வந்தார். பெரியப்பா பழைய டயர் டியூபை வெட்டி நான்கு பட்டை எடுத்தார். பிரிமணையை இன்ஜின் மூடியில் கட்ட இரண்டு, குண்டானின் மூடியை இழுத்துக் கட்ட இரண்டு. அவ்வளவுதான், செலவே இல்லை. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. காட் ரோடு தொடங்கும் முன் பெரியப்பா, "இன்னாடா, மூடியக் கட்டினியா?" என்று கேட்காமல் கியர் மாற்றமாட்டார்.

பாய்மரப் படகில் மாதக்கணக்கில் கடலில் இருப்பவர்களின் அடுப்பைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்தப் பிரிமணைதான் நினைவுக்கு வந்தது. படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாதபடி அடுப்பை இரு பக்கமும் அச்சில் தொங்கவிடுகிறார்கள், சுற்றிலும் கம்பித் தடுப்பு வைக்கிறார்கள். 2017-18-ல் நம் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் தாரிணி படகில் உலகைச் சுற்றி வந்தார்களே, அவர்களுக்கும் ஆடும் தரையில் சோறு ஆக்கும் பாடு இருந்திருக்கும்.

இன்று என் தங்கச்சி மகன் அதே ரோட்டில் ஓட்டுகிறான். அவன் சமையலறை ஒரு பழைய பிளாஸ்டிக் தக்காளிக் கிரேட். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன்மேல் திருகுமூடி டப்பாக்கள், மூன்று லிட்டர் குக்கர். குக்கர் மூடி தானே பூட்டிக்கொள்வதால் டியூப் பட்டைக்கு வேலையில்லை. அரிசியை ஒரு விசில் விட்டு இறக்கி, சாக்கில் சுற்றி வைத்துவிட்டால் மிச்சம் அதன் சூட்டிலேயே வெந்துவிடும். எரிபொருள் பாதி மிச்சம். தண்ணீர் கேனில் குழாய் வைத்தது முதல், கை கழுவ ஒரு சொம்பு தண்ணீர் போதும் என்கிறான்.

கேஸ் மட்டும் எனக்குப் பயம். பெட்ரோல் பங்குகளில் 5 கிலோ சிலிண்டர் 2013-ல் வந்த பிறகு பம்ப் ஸ்டவ் மெல்ல மறைந்தது. ஆனால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். படகுக்காரர்கள் இதற்காகவே சிலிண்டரைத் தனிப் பெட்டியில் வைத்து, அடியில் வெளியே திறக்கும் துளை விடுகிறார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல சட்டம், நாற்பது வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இத்தனை இருந்தும் அவன் ஓடும் நாட்களில் சமைப்பதில்லை. கிளீனர் இல்லை, ஒற்றை ஆளாக ஓட்டுகிறான். லோடு ஏறும் நேரத்தில் தூங்கினால்தான் உண்டு. கால் சுட்டாலும் அன்று எனக்குச் சூடாகச் சோறு இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பெரியப்பா இருந்தார். இவன் தாபாவில் தனியாகத் தின்றுவிட்டு வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போடுகிறான் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கிரேட் வெளியே வருவது மாம்பழ சீசனில்தான். ஜூன் மாதம் சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய லாரியும் டிராக்டரும் வரிசையில் நிற்கும். 2025 சீசனில் அந்த வரிசை நாள் கணக்கில் நீண்டது. அதற்குச் சில வாரம் முன்புதான் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, கேபினுக்கு வெளியே கீல் வைத்த மடக்குப் பலகை ஒன்றைச் சங்கிலியோடு பொருத்திக் கொடுத்திருந்தேன். அடுப்பு வெளியே இருக்கும், குனிந்து உட்காராமல் நின்றபடி சமைக்கலாம். நான் பார்க்கப் போனபோது அவன் அந்தப் பலகையில் ராகிச் சங்கட்டி கிண்டிக்கொண்டிருந்தான். "மாமா, உட்காருங்க, உங்களுக்கும் சேத்துத்தான்" என்றான். பின்னால் நின்ற சேலத்து லாரி டிரைவர் எழுந்து வந்து, பலகையின் கீலைத் தொட்டுப் பார்த்து, நீளத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.