மருமகனே, அந்தச் சிவப்பு வரியைப் படி

வாங்க எடிட்டர் சார், இப்படித் திண்ணையில உக்காருங்க. என்னல மருமகனே, மழையில நனைஞ்ச கோழி மாதிரி வர்ற? ராத்திரி பூரா ரெண்டராக்கும். பொண்ணு வீட்டுக்காரர் காலையிலேயே மூணு தடவை போன் போட்டுட்டார், கல்யாணப் பத்திரிகை வீடியோ என்னாச்சுன்னு. நீ எடுக்கலைன்னதும் எனக்குப் போட்டார். "பையன் பெரிய வித்தைக்காரன், அவசரப்படுத்தினா கை ஓடாது"ன்னு சொல்லி வச்சிருக்கேன். அந்தப் பொய்க்குப் பரிகாரமா நீ எனக்கு ஒரு டீ வாங்கித் தரணும்.

போன வாரம் நீ ஆடுன கூத்து ஞாபகம் இருக்கா? "மாமா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் புரோகிராம் செத்துப் போச்சு, என்னத்தை மாத்தினாலும் படம் அசையவே மாட்டேங்குது, விண்டோஸை அழிச்சிட்டுப் புதுசாப் போடப் போறேன்"னு பென் டிரைவைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்ன. நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து பார்த்தா, படத்துக்கு அடியில சிவப்புப் பட்டையா ஒரு வரி. எட்டாங்கிளாஸோட நின்னவன் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்: கேப்ஸ் லாக்கை எடுத்துவிடு, அப்பத்தான் படம் மாறும்னு போட்டிருக்கான். ஒரு தட்டுத் தட்டினேன், சரியாப் போச்சு. அது கோளாறே இல்லப்பா. கனமான வேலையில ஒவ்வொரு அசைவுக்கும் படத்தைத் திரும்ப வரைஞ்சு மிஷினு திணறக் கூடாதுன்னு வேணும்னே வச்ச பூட்டு. கோயம்புத்தூர்ல மூணு வருசம் விஸ்காம் படிச்ச பிள்ளைக்கு அந்த ஒரு வரி கண்ணுல படல. ஃபீஸ் கட்டுன உங்கப்பன் கிட்ட இதை நான் இன்னும் சொல்லல.

நெசமாவே புரோகிராம் முரண்டு பிடிச்சா, விண்டோஸை அழிக்காத. அதைத் திறக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூணையும் சேர்த்து அமுக்கிக்கோ. பழைய செட்டிங்கை எல்லாம் அழிக்கவான்னு கேக்கும், ஆமான்னு சொல்லு. எலிக்காக வீட்டைக் கொளுத்துற வேலை எதுக்கு?

இந்தப் புரோகிராம் உன்னைவிட மூத்தது. 1993 ஜனவரியில, அமெரிக்காவுல பிராவிடன்ஸ்ங்கிற ஊர்ல, கோசான்னு ஒரு சின்னக் கம்பெனி வெளியிட்டது. அந்த வருசமே ஆல்டஸ் வாங்கி, அடுத்த வருசம் அடோபி கைக்கு வந்திருச்சு. அப்ப நான் இந்தக் கோவில்பட்டியில ரெண்டு வி.எச்.எஸ். டெக்கையும் ஒரு மிக்ஸரையும் வச்சுக்கிட்டு, பொண்ணு மூஞ்சியை இதய வடிவத்துக்குள்ள அடைச்சுக்கிட்டு இருந்தேன். நகலுக்கு நகல் எடுத்தா மூணாவது கேசட்டுல மாப்பிள்ளை மூஞ்சி மாமனார் மூஞ்சியாயிரும். அதையும் காசு கொடுத்து வாங்கிட்டுப் போனாங்க.

அடுத்து உன் பழைய ஒப்பாரி: "பிரிவியூ நாலு நொடிக்கு மேல ஓடல மாமா." எப்படிய்யா ஓடும்? கணக்குப் போடு. 1920-ஐ 1080-ஆல பெருக்கு, இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளி. புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்பான்னு நாலு பைட். ஆக ஒரு ஃபிரேமுக்கு 8 எம்.பி. நொடிக்கு 25 ஃபிரேம்னா 200 எம்.பி., பத்து நொடிக்கு 2 ஜி.பி. வீடியோ கோப்பு சின்னதா இருக்கேன்னு நினைக்காத, பிரிவியூவுல சுருக்கின படம் கிடையாது, ஒவ்வொண்ணும் முழுசா விரிச்சு வைக்கணும். நீயோ யூடியூப்ல எவனோ சொன்னான்னு 32 பிட்டுல வச்சிருக்க. அதுக்கு இதைப்போல நாலு மடங்கு. உன்கிட்ட இருக்கிற ராம் மொத்தமே 8 ஜி.பி. அதுல குரோம்ல முப்பது டேப்பு வேற. நூறு பேர் உக்கார்ற பந்தியில நானூறு இலை போட்டுட்டு, சமையக்காரனை ஏசினா எப்படி?

பிரிவியூவைப் பாதித் தரத்துல வை, நீளத்துலயும் அகலத்துலயும் பாதின்னா கால்வாசி எடம்தான் பிடிக்கும். 8 பிட் போதும் உன் ரோஜாப்பூவுக்கு. டிஸ்க் கேஷை எஸ்.எஸ்.டி.யில ஒதுக்கு. மாத்தின பிறகும் பழைய படமே வந்து நின்னா எடிட் மெனுவுல பர்ஜ்னு இருக்கும், அதைக் கொடு.

எனக்கு இன்னும் சிரிப்பு அடங்காதது அந்த செல்வி கல்யாணம்தான். பொண்ணு பேரை அடிச்ச. 'செ'யில முன்னால நிக்க வேண்டிய கொம்பு, 'ச'வைத் தாண்டிப் போய் 'ல்' பக்கம் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ளை பக்கத்து மணவறையில போய் உக்காந்த மாதிரி. நீ என்னடான்னா ஃபான்டு சரியில்லைன்னு நாப்பது ஃபான்டை இறக்கின. ஃபான்டு என்ன பண்ணும்? எழுத்தைச் சேர்த்துக் கட்டுற இன்ஜின் லத்தீன் எழுத்துக்குன்னு இருந்துச்சு. பிரிஃபரன்ஸஸ்ல டைப்புங்கிற எடத்துல சவுத் ஏசியன்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுத்துட்டு, பேரைப் புதுசா அடிச்சா கொம்பு தன்னால எடத்துக்கு வந்திருது. கொடுமை என்னன்னா, அதுக்குள்ள நீ பாமினிக்கு மாறிட்ட. அந்த ஃபான்டு இல்லாத கடைக்கு அதைக் கொண்டுபோனா, மணமக்கள் பேரு இருந்த எடத்துல இங்கிலீஷ் எழுத்தா இறைஞ்சு கிடந்துச்சு. பாமினியில அடிக்கிறது தமிழே இல்ல, தமிழ் வேசம் கட்டின இங்கிலீஷ் எழுத்து. வேசத்தைக் கழட்டினா அதான் தெரியும். யூனிகோடுல அடி. வேற மிஷினுக்குக் கொண்டுபோகணும்னா எழுத்தை ஷேப்பா மாத்திட்டுக் கொண்டுபோ. ஆனா பேரை முதல்ல பொண்ணோட அப்பாகிட்டக் காட்டிரு, ஷேப்பான பிறகு பிழை திருத்த முடியாது.

அந்தக் கடையில இன்னொண்ணும் நடந்துச்சுல்ல? போட்டோ ஒண்ணும் வராம, எங்க பார்த்தாலும் கலர் கலரா பட்டை. புராஜெக்ட் கோப்பை மட்டும் எடுத்துட்டுப் போனா? அது சமையல் குறிப்புடா. அரிசியும் பருப்பும் எந்த அலமாரியில இருக்குன்னு முகவரி மட்டும்தான் அதுல எழுதியிருக்கும். அலமாரியோ உங்க சித்தப்பா மகன் பென் டிரைவு, அவன் அதைச் சினிமாப் படம் ஏத்தப் பிடுங்கிட்டுப் போயிட்டான். ஃபைல் மெனுவுல கலெக்ட் ஃபைல்ஸ்னு இருக்கு, எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வாரிக் கட்டிக் கொடுக்கும். அதோட ஓசியில வாங்கின பிளகினையும் நம்பாத, அடுத்த மிஷின்ல அது இருக்காது, உன் தங்கத் துகள் மழையும் பெய்யாது.

செல்போன்ல எடுத்த கல்யாணத்துல கெட்டிமேளம் முந்திக்கிட்டுத் தாலி பிந்திக்கிச்சுன்னு வந்த. போன் எல்லா நொடிக்கும் ஒரே எண்ணிக்கையில ஃபிரேம் எடுக்காது, வெளிச்சம் குறைஞ்சா எண்ணிக்கையையும் குறைச்சிரும். ஹேண்ட்பிரேக்ல போட்டு நிலையா 25-னு மாத்திட்டு அப்புறம் உள்ள இழு. தங்க எழுத்தைச் சுத்தி கண்மை இட்ட மாதிரி கறுப்புக் கோடு வந்தா, இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்ல ஆல்பாவை ஸ்ட்ரெய்ட்ல இருந்து பிரீமல்டிபிளைடுக்கு மாத்திப் பாரு. உங்க அத்தையைப் பச்சைப் பட்டோட பச்சைத் திரை முன்னால நிக்க வச்சு, பச்சையை அழிக்கிற கீலைட்டைப் போட்டு, தலையும் ரெண்டு கையுமா அந்தரத்துல மிதக்கவிட்டியே, அதுக்கு மட்டும் எந்த மெனுவுலயும் மருந்து இல்ல. அவ இன்னும் உன்கூடப் பேசல.

சரி, ராத்திரிக் கதைக்கு வா. நாப்பது நொடி வர வேண்டியது ஏழு நொடிதான் வந்துச்சா? கார்டு டிரைவர் போச்சுன்னு சொல்லாத, லேப்டாப்பைத் திற. டைம்லைனுக்கு மேல ஒரு சாம்பல் பட்டை இருக்கு பாரு, எது வரைக்கும் நிக்குது? ஏழாவது நொடி. எப்பவோ 'என்' பொத்தானைத் தட்டியிருக்க, ஒர்க் ஏரியா அங்கேயே முடிஞ்சிருச்சு. ரெண்டரும் அது வரைக்கும்தான் போகும். கடைசி வரைக்கும் இழுத்துவிட்டு, கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட்டோட 'எஸ்'ஸைத் தட்டிப் புது நம்பர்ல சேவ் பண்ணிட்டு, ரெண்டர் போடு.

ஓடி முடிய நேரமாகும். அதுக்குள்ள டீ வந்திரும். சீனி கம்மியா, ரெண்டு கடலை மிட்டாயும் சேர்த்துச் சொல்லு.