ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம்

தாராவி நயன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், இரண்டு தோளும் சுவரில் உரசுகிற சந்து. அதில் எட்டுக்குப் பத்தில் ஒரு அறை. விடியற்காலை மூன்று மணிக்கு அது இட்லிக் கடை. அண்டா அண்டாவாக வெந்து மாதுங்காவரை போகிறது. விடிந்தால் பிள்ளைகள் படிக்கிற வீடு. மத்தியானம் அதே தரையில் ஆச்சி பெல்ட்டுக்குப் பக்கிள் மாட்டுகிறார். இரும்பு ஏணியில் ஏறினால், மேலே திருநெல்வேலிப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு.

அந்த அறையைப் பதிவு செய்ய, ஓர் அலுவலகத்துக்கு (பெயர் வேண்டாம்) ஆச்சிக்குத் துணையாகப் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் பதிகிற பையன் கேட்டான்: "குடியிருப்பா, வியாபாரமா?"

"ரெண்டும்தான் தம்பி."

"ரெண்டு போட்டா சிஸ்டம் எடுக்காது ஆச்சி."

எடுக்காதாம்! நாற்பது வருஷமாக அந்த அறை எடுத்துக்கொண்டதை, ஏசியில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் எடுக்காதாம்.

1970-லேயே தீர்ந்துபோன விஷயம் இது. டேட்டாபேஸை எப்படி அடுக்குவது என்று ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் சொன்னார்: ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு. மிச்சத்தைக் குப்பையில் கொட்டச் சொன்னார் என்று நம் ஆட்கள் புரிந்துகொண்டார்கள். அவர் சொன்னது, மிச்சத்துக்குத் தனி டேபிள் போடு என்று. அறைகளுக்கு ஒன்று, அறை எண்ணோடு தொழிலைச் சேர்த்து எழுத இன்னொன்று. இட்லிக்கு ஒரு வரி, பெல்ட்டுக்கு ஒரு வரி. நாளைக்கே அப்பளம் போட்டால் இன்னொரு வரி, அவ்வளவுதான். அரைகுறை கெட்டிக்காரர்கள் 'தொழில்1, தொழில்2, தொழில்3' என்று கட்டம் திறப்பார்கள். தாராவியில் நாலாவது தொழில் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். இன்னும் சிலர் கமா போட்டு ஒரே கட்டத்தில் திணிப்பார்கள். அப்புறம் இட்லிக் கடை எத்தனை என்று கேட்டால், இட்லித் தட்டு விற்கிறவரையும் சேர்த்து எண்ணிக் கொடுக்கும்.

தெரியாமல் நடக்கிறது என்றா நினைக்கிறீர்கள்? தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தின் விதியைப் பாருங்கள். 2000 ஜனவரி 1-க்கு முந்தைய தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1 வரை என்றால் இரண்டரை லட்சம் கட்டிவிட்டு வெளியே போக வேண்டும். மாடியில் இருப்பவருக்கும் வெளியேதான், அதுவும் வாடகைக்கு. ஒரே சுவர், ஒரே கூரை, ஒரே ஒழுகல். ஏணியின் கீழ்ப்படி தாராவி, மேல்படி வேறு ஊர்! இரண்டாவது வரி எழுதினால் ஆள் கணக்கில் வந்துவிடுவான். வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டும். அதற்குக் கட்டம் போதவில்லை என்பது எவ்வளவு சௌகரியம்.

ஆச்சி விடவில்லை. "அண்டாவை எங்கே தம்பி எழுதினே?"

"ரிமார்க்ஸ்ல போட்டிருக்கேன் ஆச்சி."

எட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டத்துக்கும் எழுத்தளவு உண்டு போல. 'இட்லி, பெல்ட், மாடியில நா' என்பதோடு நின்றிருந்தது.