குரங்குப் பிடியும் பூனைப் பிடியும்: ஆண்ட்ராய்டு பேட்டரி குறித்த தென்சென்னைச் சித்தாந்தங்கள்

ஆண்ட்ராய்டு கைபேசியின் சார்ஜ் இரவு வரை நிற்க வேண்டுமானால் அதன் உரிமையாளர் பாடுபட்டாக வேண்டுமா, அல்லது பாரத்தைக் கருவியின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே போதுமா என்னும் வினா, இந்தியச் சந்தையின் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்டிசி மேஜிக் வெளிவந்த 2009ஆம் ஆண்டு முதல் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் தீர்வு காணாமலே கிடக்கிறது. இதைக் கைபேசிக் கடைக்காரர் தீர்த்துவைக்கக்கூடிய சில்லறை விவகாரமாகக் கருதுவோர் வைணவ சம்பிரதாய வரலாற்றைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். சரணாகதி செய்யும் ஆன்மாவின் பக்கத்தில் ஏதேனும் முயற்சி தேவையா என்பதில் வடகலையாரும் தென்கலையாரும் பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்துள்ளனர். குரங்குக்குட்டி தன் கைகளாலேயே தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்வதால் சிறு முயற்சியேனும் வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றுமே செய்யாதிருக்கத் தாயே அதைக் கவ்விச் செல்வதால் முயற்சி வேண்டாம் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். வேதாந்த தேசிகருக்குத் தனித் தேவஸ்தானமே அமைந்துள்ள மயிலாப்பூரில் இவ்விரு கட்சிகளும் கைபேசியின் வடிவில் மீண்டும் தலையெடுத்திருப்பது வியப்பன்று. இரு கலையாருக்குமிடையே 18 பேதங்கள் எண்ணப்பட்டுள்ளன. பேட்டரி விஷயத்திலோ செட்டிங்ஸ் பக்கத்தில் எத்தனை பொத்தான்கள் உண்டோ அத்தனை பேதங்கள் உண்டாதலால், தலையாயவை மட்டுமே இங்கு ஆராயப்படும். பிறப்பால் வரும் கலைக்கும் பேட்டரிக் கட்சிக்கும் தொடர்பில்லை என்பதையும், மேற்கு மாம்பலத்து வடகலையார் ஒருவர் பூனைக் கட்சியில் சேர்வதற்குச் சாத்திரத் தடை ஏதுமில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் அளவைகள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்பியர் மணி, பேட்டரி எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்கும் என்பதைக் காட்டுமேயன்றி ஆற்றலை நேரடியாகக் காட்டாது. அதனை மின்னழுத்தத்தால் பெருக்கினால்தான் வாட் மணி கிடைக்கும். 5,000 எம்ஏஎச் பேட்டரியை அதன் வழக்கமான 3.85 வோல்ட்டால் பெருக்க, ஏறத்தாழ 19 வாட் மணி வருகிறது. இ.பி. மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் 1,000 வாட் மணியாதலால், சார்ஜரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஒரு யூனிட்டில் 40 முறை கைபேசியை நிரப்பிவிடலாம். நாள்தோறும் முழுதாக ஏற்றினாலும் ஆண்டுக்கு 9 யூனிட்டைத் தாண்டுவது அரிது. ஒன்றரை டன் ஏசி இதனை ஓரிரு இரவுகளில் விழுங்கிவிடும். வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் ஆணை பிறந்த பின்னரும், 100 சதவீதம் ஆனதும் ஓடிவந்து சுவிட்சை அணைத்து, "கரண்ட் என்ன சும்மாவா வருது?" என்று கேட்கும் மயிலாப்பூர்ப் பெரியவரின் செயல் பொருளாதாரத்தின்பாற்பட்டதன்று, அதனை நித்திய கருமமாக வகைப்படுத்துவதே பொருந்தும். ஆயினும் அவர் தம்மையறியாமல் சரியானதைச் செய்கிறார். லித்தியம் அயனிக் கலம் நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் சூடாகக் கிடப்பதை விரும்புவதில்லையாதலால், மாதாந்தரக் கணக்கில் மிஞ்சாத பணம் பேட்டரியின் ஆயுளில் மிஞ்சுகிறது.

இனித் தேர்வு. நகையைக் கிராம் பார்த்து வாங்கிப் பழகிய உஸ்மான் சாலைக்கு எம்ஏஎச் பார்த்துக் கைபேசி வாங்குவது இயல்பாகவே கைவந்தது. 2020இல் சாம்சங் கேலக்ஸி எம்51 இந்தியாவில் 7,000 எம்ஏஎச்சுடன் வெளிவந்தபோது அது செங்கல்லின் கனத்தைத் தொட்டுவிட்டதாகச் சொல்லப்பட்டது. இப்போது எதிர்முனையில் சிலிக்கானும் கார்பனும் கலந்த கலங்கள் வந்துவிட்டதால், அதே கொள்ளளவு மெலிந்த உடம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனினும் கொள்ளளவு என்பது வரவு மட்டுமே. செலவைத் தீர்மானிப்பவை சிப்பும் திரையும். 2015ஆம் ஆண்டின் உயர்விலைக் கைபேசிகள் பலவற்றில் இருந்த ஸ்னாப்டிராகன் 810 சிப் சூட்டுக்குப் பேர்போனது என்பதை அவற்றை வாங்கியோரின் உள்ளங்கைகள் அறியும். அதே ஸ்னாப்டிராகன் வரிசையின் 8 ஜென் 1 சிப், வடிவமைப்பு பெரிதும் மாறாமலே, சாம்சங் ஆலையிலிருந்து டிஎஸ்எம்சி ஆலைக்கு மாறி 8 பிளஸ் ஜென் 1 என்று 2022இல் திரும்பி வந்தபோது, அதன் மின்பசி கண்கூடாகக் குறைந்திருந்தது. இச்செய்தி பெட்டியின் மேல் அச்சிடப்படுவதில்லை. ஆகவே பாண்டி பஜாரில் எவரும் இதைக் கேட்பதுமில்லை.

இதன்பின் குரங்குக் கட்சியின் சாதனைகளைக் கூற வேண்டும். இக்கட்சியில் புக விரும்புவோர் செட்டிங்ஸின் ஆழத்தில் 'பில்ட் நம்பர்' என்றுள்ள வரியை ஏழு முறை விரலால் தட்ட வேண்டும். நான்காம் ஐந்தாம் தட்டிலேயே இன்னும் எத்தனை தட்டு பாக்கி என்று கருவி எண்ணிச் சொல்லத் தொடங்கி, ஏழாவதில், தட்டியவர் மென்பொருள் வல்லுநர் ஆகிவிட்டதாக அறிவிக்கிறது. உபதேசம் பெற எம்பெருமானாராகிய இராமானுசர் திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்ததாகக் குருபரம்பரை கூறும். இங்கே ஏழு தட்டில் காரியம் முடிந்துவிடுவதால், தகுதியில்லாதோர் கையிலும் ரகசியம் சிக்கிவிடுகிறது. அவ்வாறு பெற்ற அதிகாரத்தைக் கொண்டு பின்னணியில் ஓடும் செயலிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம், திரையின் அசைவழகுகளை நிறுத்தலாம், கணினியுடன் கேபிளால் இணைத்து, கம்பெனிக்காரன் நுழைத்து அனுப்பிய வேண்டாத செயலிகளை ஒவ்வொன்றாக முடக்கலாம். இக்கட்சியின் பொற்காலம் 2009க்கும் 2016க்கும் இடைப்பட்டது. சயனோஜென்மாட் எனப்பட்ட மாற்று இயங்குதளத்தை ஏற்றிக்கொள்வதும், அது பாதியில் நின்று கைபேசி செங்கல்லாகிப்போவதும், மறுநாள் வகுப்பில் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் கிண்டி, அடையாறு விடுதி மாணவரின் வாழ்க்கையில் ஒரு பருவமாகவே இருந்தன.

ஆனால் இன்று இக்கட்சியார் பெரும்பாலோர் செய்வது ஒன்றே ஒன்று: அண்மையில் திறந்த செயலிகளின் அட்டைகளை அரை மணிக்கொரு தரம் மேல்நோக்கித் தள்ளித் துடைப்பது. அடுப்பங்கரை மேடையைத் துடைக்கும் அதே கைவேகத்தில் இது நடைபெறுகிறது. இதனால் சார்ஜ் மிஞ்சும் என்பது பூர்வபட்சம்; அஃது ஒவ்வாது. நினைவகத்தில் உறைந்து கிடக்கும் செயலி மின்சாரத்தை ஏறக்குறையத் தொடுவதில்லை. அதைக் கொன்றபின் பத்து நிமிடத்தில் மீண்டும் திறக்கும்போதோ அடியிலிருந்து எழுந்து வர வேண்டியிருப்பதால், சிப் கூடுதலாக உழைக்கிறது. வாட்ஸ்அப்பை நாளொன்றுக்கு நாற்பது முறை கொன்று நாற்பது முறை உயிர்ப்பிப்பதில் சேமிப்பு என்று ஏதுமில்லை.

கறுப்புத் திரையைப் பற்றியும் இவ்வாறே மிகையான நம்பிக்கை நிலவுகிறது. அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்புப் புள்ளி அணைந்தே கிடக்கும். எல்சிடி திரையிலோ பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருப்பதால் கறுப்பு என்பது வெறும் திரைச்சீலை. அமோலெட்டிலும் பலன் வெளிச்ச அளவைப் பொறுத்தது என்பதை 2021இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர்: முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிஞ்ச, 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் மிஞ்சியது 3 முதல் 9 சதவீதமே. மாட வீதிகளின் நிழலடைந்த கூடங்களில் மங்கலான திரையைக் கறுப்பாக்குவோருக்கு இதனால் பெரிய லாபமில்லை. லாபம் கிடைக்கக்கூடிய கடற்கரைச் சாலையின் உச்சி வெயிலில் கறுப்புத் திரையைப் படிக்கவே முடிவதில்லை.

பூனைக் கட்சி 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 உடன் அரியணை ஏறியது. அதில் புகுத்தப்பட்ட 'டோஸ்' என்னும் ஏற்பாட்டின்படி, அசைவின்றித் திரை அணைந்து கிடக்கும் கைபேசி தானே அறிதுயிலில் ஆழ்ந்து, இடையிடையே மட்டும் கண்விழித்து, எல்லாச் செயலிகளின் பாக்கி வேலைகளையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுபடியும் கண்ணயரும். அதற்கு முன்பெல்லாம் 'வேக்லாக்' என்னும் அனுமதியைப் பெற்ற எந்தச் செயலியும் கருவியைத் தூங்கவிடாமல் எழுப்பி வைக்க முடிந்தது. 2018இல் ஆண்ட்ராய்டு 9, பயனர் எந்தச் செயலியை எவ்வளவு திறக்கிறார் என்பதைக் கற்றுக்கொண்டு, திறக்கப்படாதவற்றைத் தானே பின்னுக்குத் தள்ளும் வித்தையையும் சேர்த்துக்கொண்டது. பயனர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, தாய்ப்பூனை கவ்விக்கொண்டது.

கவ்வும் பல்லின் அழுத்தம் பற்றித்தான் ஆட்சேபம். கைபேசித் தயாரிப்பாளர் பலர் கூகுளின் கருணை போதாதென்று தங்கள் கருணையையும் அதன்மேல் ஏற்றியதால், அதிகாலைச் சுப்ரபாதத்துக்கு வைத்த அலாரச் செயலி நள்ளிரவிலேயே கொல்லப்படுவதும், வங்கி அனுப்பிய எச்சரிக்கை மாலையில் ஒட்டுமொத்தமாக வந்து விழுவதும் நேர்கின்றன. உணவு கொண்டு செல்லும் தொழிலாளிக்கு இது வேடிக்கையன்று. செயலி பின்னணியில் செத்துப்போனால் ஆர்டர் வருவதில்லை, ஆர்டர் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆகவே அவர் பேட்டரி சேமிப்பு அனைத்தையும் அணைத்துவிட்டு, இடங்காட்டியும் இணையமும் பகல் முழுதும் எரிய, பவர் பேங்க்கைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு திரிகிறார். மாநகராட்சி 2025இல் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் இத்தொழிலாளருக்கெனக் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்தது இவ்வாய்வின் நோக்கில் இரு கட்சிச் சித்தாந்தங்களையும்விடப் பயனுள்ள நிகழ்ச்சியாகும்.

சென்னை ஐஐடியின் அரவணைப்பில் வளர்ந்த ஜேண்ட்கே ஆப்பரேஷன்ஸ் நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்த பார்ஓஎஸ்ஸை இங்கே ஒரு வரியில் குறிப்பிடலாம். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை அடியாகக் கொண்ட அவ்வியங்குதளத்தில் முன்கூட்டியே திணித்த செயலிகள் இல்லை. பாதுகாப்பே அதன் நோக்கம் என்றாலும், வெறுமையான கைபேசி குறைவாகவே தின்னும் என்பது குரங்குக் கட்சியாருக்கு ஆறுதலளித்திருக்கும், அதில் அவர்கள் முதல் வேலையாக அதே முப்பது செயலிகளைத் தாங்களே ஏற்றாதிருந்தால்.

இரு கட்சியாரும் கவனியாத இடத்தில்தான் சித்தாந்தம் இருக்கிறது: சிக்னல். கோபுரம் தொலைவில் இருந்தாலோ சுவர் தடித்திருந்தாலோ கைபேசி தன் அலைபரப்பு வலுவைக் கூட்டிக்கொண்டு கத்த வேண்டியிருக்கிறது. ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடையில் அடித்தளத்துக்கு இறங்கி, பட்டுப்புடவைப் பிரிவில் இரண்டு மணி நேரம் கழிக்கும் குடும்பத்தலைவரின் பேட்டரி, அவர் எதையும் திறந்து பாராமலேயே கரைவதன் காரணம் இதுவே. 5ஜி அரைகுறையாகக் கிடைக்கும் இடத்தில் அதற்கும் 4ஜிக்கும் இடையே தாவித் தாவியே சார்ஜ் போய்விடுமாதலால், 4ஜியோடு நிறுத்திக்கொள்வது ஏழு தட்டுகளைவிட எளிதும் பலன் மிக்கதுமான திருத்தம். மார்கழி சபாக்களில் கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடும் ரசிகருக்கு இவ்வுண்மை அனுபவத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரது பேட்டரி வரைபடம் ராகம் முழுவதும் தட்டையாகவே சென்று, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் வரிசையில் செங்குத்தாக விழுந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது இந்த உண்மை ஊருக்கே சொல்லப்பட்டது. மின்சாரம் நின்ற தெருக்களில் கோபுரங்களும் ஒவ்வொன்றாக ஓய, இல்லாத சிக்னலை இரவெல்லாம் தேடியே கைபேசிகள் தீர்ந்தன. பேட்டரி சேவரைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்தவருக்கும் ஒன்றும் செய்யாதவருக்கும் பெரிய வேறுபாடில்லை. தேடுதலையே நிறுத்திவிட்டு மணிக்கொரு முறை மட்டும் இணைப்பைத் திறந்து பார்த்தவரிடமே மூன்றாம் நாள் சார்ஜ் இருந்தது.

எஞ்சியது, கலத்தை விரைவில் மூப்படையச் செய்யும் வெயில். 2003 மே மாத இறுதியில் 45 டிகிரியைக் கண்ட நகரம் இது. ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டி, வரைபடத்தைத் திறந்து, சார்ஜரையும் செருகி, கத்திரி வெயிலில் அடையாறு பாலத்தைக் கடக்கும் கைபேசியின் கலம், 800 முறை நிரப்பிக் காலி செய்த பின்னும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் விதித்திருப்பதை அறியாது.

அக்கலம் மூப்படைந்ததும் இரு கட்சியாரும் வேறுபாடின்றிச் சென்று சேருமிடம் மின்னணுப் பொருள்களுக்கான சந்தையாகிய ரிச்சி தெரு. 2007 ஆகஸ்டில் நோக்கியா 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் குறித்து எச்சரிக்கை விடுத்தபோது ஊரே பின்மூடியைக் கழற்றி எண்ணைப் பார்த்த காலத்திலிருந்து, அத்தெருவின் பரிசோதனை முறை ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது: பேட்டரியைக் கண்ணாடி மேசைமேல் படுக்கவைத்து ஒரு மூலையை விரலால் சுண்டுவது. தட்டையானது உராய்ந்து நின்றுவிடும். வயிறு உப்பியது பம்பரமாகச் சுழலும். பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்டு வரும் இன்றைய கைபேசிகளுக்குப் பின்மூடியின் விளிம்பில் நகம் நுழைகிறதா என்று பார்ப்பதே சோதனை. நுழைந்துவிட்டால் வாதம் முடிந்தது, கடைக்காரர் நிமிர்ந்து பாராமலே கேட்பார்: "ஒரிஜினல் போடட்டுமா சார், கம்பெனி போடட்டுமா?" இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் எந்த ஆசாரியராலும் இதுவரை விளக்கப்படவில்லை, விலையில் மட்டும் அது முந்நூறு ரூபாய்.