ஹிட்ச் பண்டிதர்

ஜனவரி பிறந்தால் அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் பாலைவனத்தில் டிரெய்லர் வீடுகள் வந்து குவியும். கனடா, மினசோட்டா பக்கத்துக் குளிருக்குப் பயந்து ஓடிவந்த ஓய்வூதியக்காரர்கள் மடக்கு நாற்காலியைப் போட்டு வெயில் காய்வார்கள். ஒருவர் மட்டும் உட்காரமாட்டார். அவர்தான் ஹிட்ச் பண்டிதர். எந்த முகாமிலும் இந்த ரகத்தில் ஒருவராவது உண்டு.

புது வண்டி உள்ளே நுழைந்து, ஓட்டி வந்தவர் கதவைத் திறப்பதற்குள் பண்டிதர், பிக்கப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் அருகே மண்டியிட்டாயிற்று. ஊர், பேர் எல்லாம் அப்புறம். "பந்து எத்தனை அங்குலம்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிக்கப்பிலுள்ள 2 அங்குலப் பந்தின்மேல் டிரெய்லரின் 2 5/16 அங்குலக் கப்ளரை வைத்தாலும் பூட்டிக்கொண்டதுபோலத்தான் தெரியும். சாலையில் ஒரு மேடு வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அடுத்து, பின்பக்கம் அமுங்கி நிற்கும் பிக்கப்பைப் பார்க்கிறார். "உங்க ஹெட்லைட் ரோட்டைப் பார்க்கல, நட்சத்திரத்தைப் பார்க்குது."

பாடம் ஆரம்பம். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின்மேல் இறங்க வேண்டும். 6,000 பவுண்டு டிரெய்லருக்கு 600 முதல் 900. குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும். ஆனால் அத்தனை சுமையும் பிக்கப்பின் வாலிலேயே உட்கார்ந்தால், முன்சக்கரங்களுக்குப் பிடிமானம் போய் ஸ்டியரிங் லேசாகிவிடும். அதில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடத்தான் ஸ்பிரிங் கம்பிகள் வைத்த ஹிட்ச்.

வந்தவரின் மனைவி கழிவறை எங்கே என்று கேட்கிறார். பண்டிதரோ பாதுகாப்புச் சங்கிலிக்குப் போய்விட்டார். "குறுக்காக மாட்டுங்க. கப்ளர் கழன்றாலும் தரையில் குத்தாமல் தொட்டில் மாதிரி தாங்கும்." கழிவறைக்கு வழி சொல்வதற்குமுன் இன்னும் ஒன்று: "ஆட ஆரம்பிச்சா பிக்கப் பிரேக்கை மிதிக்காதீங்க. ஆக்சிலரேட்டரை விட்டுட்டு, கன்ட்ரோலர்ல டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால போடுங்க."

மறுநாள் செயல்முறை விளக்கம். லாரிகள் ஒதுங்கும் இடத்திலுள்ள எடைமேடைக்குப் புதியவரை அழைத்துப் போகிறார். அங்கே ஒவ்வோர் அச்சின் எடையும் தனித்தனியாகச் சீட்டில் வரும். முன்மாதிரியாக முதலில் தன் வண்டியையே ஏற்றுகிறார். ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டி, "ஆளு, நாய், சாமான், பந்தின்மேல இறங்குற எடை, எல்லாம் இந்த எண்ணுக்குள்ள அடங்கணும். எந்த ஹிட்ச் போட்டாலும் இந்த எண் அதிகமாகாது" என்கிறார்.

சீட்டு வந்தது. பண்டிதரின் பின் அச்சு வரம்பைத் தாண்டியிருந்தது.

அவர் மனைவி பிக்கப்பின் பின்தட்டை எட்டிப் பார்த்தார். டார்க் ரெஞ்ச், மூன்று அளவில் பந்துகள், இரண்டு ஜாக்கி, உபரி ஸ்பிரிங் கம்பிகள்: ஊரார் ஹிட்சைச் சரிபார்க்கவே ஓர் இரும்புப் பெட்டி நிறைய. "இந்தப் பெட்டியை இறக்கினால் கணக்கு நேராகிவிடும்" என்றார்.

பண்டிதர் நெடுநேரம் யோசித்தார். மாலையில் முகாம் வாசலில், 'இலவசம்' என்ற அட்டையோடு அந்த அம்மாளின் தையல் மெஷின் இருந்தது.